தெரியாதென்றால் தீர்ந்ததா?



ஆடி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பூசை முடிந்து கோவில் வாசல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். நம் பங்கைச் சேர்ந்த விவசாயி ஒருவர், அறுபதை நெருங்கியவர், மற்றவர்கள் எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து அருகில் வந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம் கேக்கணும். புதன்கிழமை சாயந்தரம் எங்க மேலப்பக்கத்து வயக்காரர் மருந்தடிச்சார். மேல்காத்துல அம்புட்டும் எங்க வீட்டுக்குள்ள வந்துட்டு. மருமக மாசமா இருக்கா. ராத்திரி பூரா தலைவலி, வாந்தி. அவரைப் போய்க் கேக்க எனக்கு வாய் வரல. நானும் அடிக்கிறவன்தானே சாமி? இத்தனை வருசமா நான் அடிச்ச மருந்து காத்தோட யார் வீட்டுக்குப் போச்சோ, யாருக்கு என்ன செஞ்சுதோ, எனக்குத் தெரியாது. தெரியாம செஞ்சது என் கணக்குல சேருமா?"

இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட கேள்வியன்று, மரத்தடியில் கேட்டது. அவருடைய சம்மதத்தைப் பெற்றுக்கொண்டே எழுதுகிறேன்.

"தெரியாமல் செய்தது பாவமாகாது, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், மருமகளை உடனே டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் ஆறுதலாகப் போனார். எனக்குத்தான் அந்த ஆறுதல் மத்தியானச் சாப்பாடு வரை கூட நிலைக்கவில்லை. குருமடத்தில் ஆண்டுக்கணக்காய் ஒழுக்க சாஸ்திரம் படித்தவன், ஒரு குடியானவர் கேட்ட நேரான கேள்விக்குப் பாதிப் பதிலைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். மற்றப் பாதியை இங்கே எழுதப் பார்க்கிறேன். அவரும் இதைப் படிப்பார்.

முதலில் அந்தச் சொல்லையே சற்றுக் கவனியுங்கள். நாம் அதை "மருந்து" என்கிறோம். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து. பயிருக்கு அடிப்பதும் மருந்து. "மருந்தைக் குடித்துவிட்டான்" என்று நள்ளிரவில் வந்து கதவைத் தட்டுகிறார்களே, அதுவும் மருந்துதான். ஒரே சொல்லுக்குள் சுகமும் சாவும் குடியிருக்கின்றன. குடித்தால் சாவு என்பது நமக்கு நன்றாகத் தெரியும். தொட்டால் கையைக் கழுவ வேண்டும் என்பதும் தெரியும். சுவாசித்தால் என்ன? அங்கேதான் நம் அறிவு நின்றுவிடுகிறது. வாடை வருகிறது, சற்று நேரத்தில் போய்விடுகிறது, அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

முடிவதில்லை. தெளிப்பானின் முனையிலிருந்து வருகிற துளிகளில் பெரியவை இலைமேல் விழும். தலைமயிரின் பருமனே உள்ள சிறு துளிகள் காற்றில் மிதந்து பக்கத்து வயலையும் பக்கத்துத் தெருவையும் சேரும். இது தெளிக்கிற நேரத்துச் சமாசாரம். இலையிலும் மண்ணிலும் தண்ணீரிலும் விழுந்ததில் ஒரு பங்கு மறுநாள் வெயிலில் ஆவியாகி மேலே கிளம்பும். நாலைந்து நாட்கள்கூட இப்படிக் கிளம்பிக்கொண்டிருக்கும் சரக்குகள் உண்டு. காய்ந்த மண்ணில் ஒட்டியிருப்பது புழுதியோடு பறக்கும். சாயங்காலம் காற்று அசையாமல் நிற்கிறதே, அதுதான் தெளிப்பதற்கு நல்ல நேரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பொழுது சாய்ந்தபின் தரையையொட்டிய குளிர்ந்த காற்று மேலே ஏறாமல் அப்படியே படுத்துவிடும். அதில் கலந்த சிறு துளிகளும் வீடுகளின் உயரத்திலேயே வெகுநேரம் தங்கிவிடும்.

இவையெல்லாம் அந்நிய தேசத்தில் கண்டுபிடித்தவை, நம் மண்ணுக்குப் பொருந்துமா என்று ஒருவர் கேட்கலாம். கேட்கட்டும். நம் தமிழ்நாட்டிலேயே, கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் சேருமிடத்தில், இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. ஜப்பான் தேசத்து எஹிமே பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் நம்மவர்களும் சேர்ந்து 1980-களின் கடைசியில் அந்த ஊர்க் காற்றைப் பல மாதங்கள் தொடர்ந்து பிடித்துச் சோதித்தார்கள். அந்தக் காலத்தில் நெல்வயலுக்குப் பெருவாரியாய்ப் போட்டது பி.எச்.சி. என்ற பொடி, நம் பெரியவர்கள் "கமாக்சின்" என்றால் உடனே தெரிந்துகொள்வார்கள். பயிருக்கு மருந்திடும் பருவங்களில் காற்றில் அதன் அளவு ஏறுவதையும் பருவம் போனபின் இறங்குவதையும் அவர்கள் எழுதி வைத்தார்கள். 1989-இல் அது அச்சாயிற்று.

அத்தோடு நிற்கவில்லை. அந்த வெள்ளாற்றுப் பாசனப் பகுதியில் வயலில் இட்ட பி.எச்.சி. கடைசியில் எங்கே போகிறது என்று ஒரு கணக்கும் போட்டார்கள். ஆற்றோடு கடலுக்குப் போகும் என்பதுதான் எவரும் நினைப்பது. 1991-இல் வெளியான அந்தக் கணக்கின்படி ஆற்றின் முகத்துவாரத்துக்குப் போனது நூற்றுக்கு 0.4 பங்கு மாத்திரம். மீதி 99.6 பங்கும் காற்றில் போயிற்று. நம் வெயிலுக்கு அவ்வளவு வலு! குளிர்நாட்டில் மண்ணிலேயே கிடக்கும் சரக்கு, இங்கே சட்டியில் கொதித்த தண்ணீரைப்போல் எழுந்து போய்விடுகிறது.

எழுந்து எங்கே போயிற்று? காற்றுக்குத் தாலுகா எல்லை தெரியாது. சூடான நாட்டில் ஆவியாகிறது குளிர்ந்த நாட்டில் படிகிறது. இந்தவகைச் சரக்குகள் வடதுருவத்துக் கடல்வரை போய்ச் சேர்ந்திருப்பதைப் பின்னால் அளந்து கண்டார்கள். வயலும் இல்லை, பூச்சியும் இல்லை, பனியைத் தவிர ஒன்றும் இல்லாத அந்த நாட்டுத் தாய்மாரின் பாலில் எங்கோ யாரோ தெளித்ததின் மிச்சம் இருந்தது. பி.எச்.சி.யை நம் நாடு 1997-இல் தடை செய்துவிட்டது. பயிருக்கு டி.டி.டி. போடுவது அதற்கு முன்பே, 1989-இல், தடையாயிற்று. இப்போது கடையில் கிடைப்பவை பெரும்பாலும் சீக்கிரம் சிதைந்துபோகிறவை என்பது உண்மை. அதற்காக நன்றி சொல்லவும் வேண்டும். ஆனால் நாம் நன்கு அறிந்த குளோர்பைரிபாஸ், வெகுதூரம் காற்றில் பயணம் செய்து துருவம்வரை போகிறது என்று கண்டு, 2025-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் அதையும் ஒழிக்கவேண்டிய சரக்குகளின் பட்டியலில், சில விலக்குகளோடு, சேர்த்தார்கள். சீக்கிரம் சிதைவது என்று நாம் நம்பியது எல்லாம் சீக்கிரம் சிதைவதில்லை போலும்.

காற்றில் இருப்பதை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று மறைக்கல்வி வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. வலை போட்டா பிடிப்பார்கள்? ஒரு சிறிய பம்பு காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று பிசின் மணிகள் நிறைந்த ஒரு குழாய் வழியாகப் போகிறது. காற்று போய்விடும், சரக்கு பிசினில் ஒட்டிக்கொள்ளும். இருபத்துநான்கு மணி நேரம் கழித்துக் குழாயை எடுத்து, சோதனைச்சாலையில் அதைக் கழுவி, கழுவிய திரவத்தில் என்னென்ன, எவ்வளவு என்று கருவியில் பார்க்கிறார்கள். மின்சாரமே இல்லாமல் செய்வதும் உண்டு. இரண்டு எஃகுச் சட்டிகளைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைத்து, நடுவில் ஒரு ஸ்பாஞ்சு வட்டு. மரத்திலோ மாடியிலோ இரண்டு மூன்று மாதம் தொங்கவிட்டால் போதும், காற்று தானே வந்து தன் கணக்கை எழுதிவிட்டுப் போகும். நம் ஊர்த் தூக்குச்சட்டியை விடப் பெரிய சிக்கலான சாமான் அல்ல அது. செலவெல்லாம் சோதனைச்சாலையில்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். நாம் எதையுமே அளக்காத ஜனங்களா? அப்படிச் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் நாளிதழைப் பிரித்தால் குண்டாறு எத்தனை அடி, அடவிநயினார் எத்தனை அடி, இராமநதி எத்தனை அடி, தென்காசியில் நேற்று மழை எத்தனை மில்லிமீட்டர் என்று தசமப் புள்ளியோடு இருக்கிறது. மெயினருவியில் தண்ணீர் வரம்பு மீறினால் அந்த நிமிஷமே குளிக்கத் தடை; போலீசார் விசில் ஊதுகிறார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியே பாய்கிற இதே மேல்காற்றை, சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளுக்காக, எவ்வளவு நுட்பமாய் அளந்திருக்கிறார்கள்! கயத்தாற்றில் காற்றாலைகளைச் சோதிப்பதற்கென்றே மத்திய அரசின் நிலையம் ஒன்று இருக்கிறது. காற்றின் வேகம் தெரியும், திசை தெரியும், எந்த மாதம் எவ்வளவு மின்சாரம் தரும் என்பதும் தெரியும். அது சுமந்து வருவது என்ன என்பதை மாத்திரம் யாரும் கேட்பதில்லை.

காய்கறியையும் அளக்கிறார்கள். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து புளியரை தாண்டிக் கேரளத்துக்குப் போகும் வெண்டைக்கும் கத்தரிக்கும் என்ன பாடு! 2015-இல் அதையொட்டி இரண்டு மாநிலங்களுக்கும் பெரிய வாக்குவாதமே நடந்தது. திருவனந்தபுரத்துக்கு அருகே வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் சோதனைச்சாலையில் கடைக் காய்களை எடுத்து மிச்சவிஷம் பார்த்து வெளியிடுகிறார்கள். மத்திய அரசும் 2005 முதல் ஒரு திட்டம் வைத்து நாடெங்கும் காய், பழம், பால், மீன், தண்ணீர் என்று சோதித்து வருகிறது. மிக நல்ல காரியம். ஆனால் அந்த வெண்டைக்காயைத் தின்கிறவருக்கு இருக்கிற காவல், அதற்கு மருந்தடித்தவருக்கும், அந்த வயலோரத்துக் குடிசையில் தொட்டிலில் கிடந்த குழந்தைக்கும் உண்டா? காய் எல்லை தாண்டினால் அதற்குச் சோதனை. காற்று எல்லை தாண்டினால் சோதனை இல்லை.

காற்றுக்கும் சட்டம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட காற்றுத் தரப் பட்டியலில் பன்னிரண்டு பொருள்கள் உள்ளன: கந்தகப் புகை, நைட்ரஜன் புகை, இருவகைத் தூசி, ஓசோன், ஈயம், கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, பென்சீன், பென்சோபைரீன், ஆர்சனிக், நிக்கல். வண்டிப் புகையும் ஆலைப் புகையும் இதில் அடங்கும். பூச்சிமருந்து ஒன்றுகூட இல்லை. பட்டணத்துக் காற்றை மனதில் வைத்து எழுதிய பட்டியல் என்று நினைக்கிறேன். கிராமத்துக் காற்று சுத்தமானது என்பது நம் எல்லாருடைய எண்ணமும் அல்லவா? குற்றாலத்துக் காற்றை விலைகொடுத்து வாங்க முடியுமானால் மதராசிலிருந்து வந்து சீசாவில் அடைத்துக்கொண்டு போயிருப்பார்கள்!

அளக்காமல் விட்டால் என்ன நஷ்டம்? காசர்கோடு நமக்குச் சொல்லும். நம் பக்கத்து மாநிலத்தின் வடகோடியில் இருக்கிறது அந்த மாவட்டம். அங்கே கேரள அரசின் தோட்டக் கழகத்துக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் முந்திரித் தோப்பு. தேயிலைக் கொசுவை ஒழிப்பதற்காக 1970-களின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். தோப்புகளுக்கு நடுவே வீடுகள், கிணறுகள், ஓடைகள், பள்ளிக்கூடங்கள். பிறக்கும் குழந்தைகளில் ஊனமும் மூளைவளர்ச்சிக் குறையும் வலிப்பும் ஏன் இத்தனை என்று ஊர் டாக்டர் ஒருவரும், வேளாண்துறையில் வேலை பார்த்த ஒரு பெண்மணியும், இன்னும் சிலரும் கேட்டார்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்: "நிரூபணம் எங்கே?"

நிரூபணம் எங்கிருந்து வரும்? தெளித்த அன்று அந்தக் காற்றைப் பிடித்து வைத்தவர் இல்லை. போன காற்றைத் திரும்ப வரவழைக்க முடியாது. ஆகவே பின்னால் வந்த ஆராய்ச்சிகள் எல்லாம் மிச்சத்தைத் தேடி மண்ணிலும் கிணற்றிலும் இறங்கின, ஒன்று உண்டு என்றது, இன்னொன்று இல்லை என்றது, ஆண்டுகள் போயின. ஆமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தார் 2001-இல் அங்கே போய்ப் பார்த்தபோது, தெளிப்பு நின்று பல மாதங்களான பிறகும், அந்த ஊர்ப் பையன்களின் இரத்தத்தில் எண்டோசல்பான் வேறு ஊர்ப் பையன்களுக்கு இருந்ததைவிட அதிகமாய் இருந்தது. கருவியின் ஸ்பாஞ்சில் இருக்கவேண்டிய கணக்கை அந்தக் குழந்தைகளின் இரத்தத்திலிருந்து படிக்கவேண்டியதாயிற்று! 2011 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு நாடு முழுவதும் எண்டோசல்பானை நிறுத்திவைத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் கொடு என்று 2017 ஜனவரியில் உத்தரவிட்டது. அந்தப் பணம் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை என்று 2022-இல் மறுபடியும் அதே கோர்ட்டு கேட்கவேண்டி வந்தது.

இப்போது அந்த விவசாயியின் கேள்விக்குத் திரும்புவோம். தெரியாமல் செய்தது கணக்கில் சேருமா?

அர்ச். தோமாஸ் அக்வினாஸ் அறியாமையை ஒரே மூட்டையாய்க் கட்டிவிடவில்லை, பிரித்துப் பார்க்கிறார். எவ்வளவு முயன்றாலும் ஒருவனால் நீக்கிக்கொள்ள முடியாத அறியாமை ஒன்று. 1960-இல் கமாக்சின் தூவிய நம் பாட்டனாருக்கு அது துருவத்துக்குப் போகும் என்று தெரிந்திருக்க வழியில்லை. சர்க்காரே தூவச் சொல்லிற்று. அவர்மேல் குற்றமில்லை. முயன்றால் நீக்கிக்கொள்ளக்கூடிய அறியாமை இன்னொன்று. புதருக்குள் ஏதோ அசைகிறது. மானா மனிதனா என்று பாராமல் வேட்டைக்காரன் சுடுகிறான். "மனிதன் என்று எனக்குத் தெரியாது" என்று அவன் சொல்வது முழுக்க முழுக்க உண்மை. ஆனால் இரண்டடி நடந்து பார்த்திருக்கலாமே! அந்த இரண்டடியை நடக்காததுதான் அவன் குற்றம். மூன்றாவது ஒன்றும் உண்டு. அது மிகக் கெட்டது. தெரிந்துகொண்டால் தொல்லை, ஆகவே தெரியாமலே இருந்துவிடுவோம் என்று வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்வது. இதை அந்த அறிஞர் மன்னிப்புக்குக் காரணமாகக் கொள்ளவில்லை. குற்றத்தைக் கூட்டுகிறது என்றே கொண்டார்.

நாம் எந்த இடத்தில் நிற்கிறோம்? பரங்கிப்பேட்டைக் காற்றை அளந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அளக்கும் வழி தெரிந்துவிட்டது. ஆகவே முதல்வகை அறியாமை நமக்கு இனி இல்லை. இரண்டாவதில் இருக்கிறோம், மூன்றாவதை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறோமோ என்று பயப்படுகிறேன். "கெடுதல் இருப்பதாக எந்தப் பதிவும் இல்லை" என்ற வாக்கியத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பதிவே எழுதாத இடத்தில் பதிவு எப்படி இருக்கும்? பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். ஆனால் அந்தப் பூனைக்காவது பால் கிடைக்கும்.

இதைப் படிக்கும் விவசாயிகள் என்மேல் கோபம்கொள்ளக் கூடாது. நடக்கவேண்டிய அந்த இரண்டடி எல்லாருக்கும் சமமன்று. கூலிக்கு டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவன் சோதனைச்சாலைக்குப் போக முடியுமா? 2017-இல் மகாராஷ்டிர மாநிலத்து யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்து அதை உடம்பில் வாங்கிக்கொண்டு மாண்டவர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். அவர்கள் குடியானவர்களும் கூலிக்காரர்களுமே. சரக்கைச் செய்து இலாபம் பார்க்கிறவருக்கும், அதற்கு உத்தரவு கொடுக்கிறவருக்கும், கருவியும் படிப்பும் உள்ளவருக்கும் கடமை பெரிது. நம் தென்காசி மாவட்டத்திலேயே, ஆழ்வார்குறிச்சியில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. ஆள் இல்லை, அறிவு இல்லை என்று நாம் சொல்வதற்கில்லை.

அளந்தால் ஜனங்கள் வீணாகப் பயப்படுவார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கண்டதெல்லாம் கேடு ஆகாது. உப்பும் அளவு மீறினால் விஷம். விஷமும் மிகமிகச் சிறிதானால் தேகம் தாங்கும். பிரெஞ்சு தேசத்தில் 2018 முதல் 2019 வரை ஐம்பது இடங்களில் காற்றைப் பிடித்து எழுபத்தைந்து சரக்குகளைத் தேடினார்கள். பயிருக்குப் போடக்கூடாது என்று அங்கே 1998-இல் நிறுத்திய லிண்டேன், எடுத்த மாதிரிகளில் ஐந்தில் நான்கு பங்கில் இருந்தது. அளவு மிகச் சொற்பம். பயந்துபோய் ஊரைக் காலி செய்தார்களா? இல்லை. எதை மேலும் கவனிக்கவேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டார்கள். பொய்யான பயத்தைப் போக்குவதற்கும் அளவுதான் வேண்டும். கையில் எண் இல்லாதபோது பயந்தாங்கொள்ளி எல்லாம் விஷம் என்பான், அசட்டுத் தைரியக்காரன் ஒன்றும் செய்யாது என்பான். இருவரில் யார் சத்தமாய்ப் பேசுகிறாரோ அவரே ஜெயிப்பார்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2011 முதல் விவசாய ஊர்களில் நிலையம் வைத்து வாரந்தோறும் காற்றைப் பிடித்துப் பார்க்கிறது. 2025 மார்ச்சிலிருந்து இன்னொன்றும் செய்கிறார்கள். கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட சரக்குகளைத் தெளிப்பதற்கு ஒரு நாள் முன்னதாகவே, எந்த இடத்தில் எது என்று அந்தப் பகுதியார் அறிந்துகொள்ளும்படி சொல்லிவிடுகிறார்கள். பணக்கார நாடு, செய்கிறது என்று விட்டுவிடலாம். ஆனால் சொல்லிவிட்டுத் தெளிப்பதற்குப் பணம் எதற்கு?

சோற்றைப் பிடிக்காவிட்டால் தள்ளிவைக்கலாம். தண்ணீரைக் காய்ச்சலாம், வேறு கிணற்றுக்குப் போகலாம். மூச்சை யார் தள்ளிவைப்பது? வளர்ந்த ஒரு மனிதன் ஒரு நாளைக்குப் பதினாயிரம் லிட்டருக்கு மேல் காற்றை உள்ளே இழுக்கிறான்; பச்சைக் குழந்தை தன் எடைக்கு நம்மைவிட அதிகமாய் இழுக்கிறது. வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத ஒன்றை ஒருவருக்குக் கொடுக்கும்போது, கொடுப்பது என்ன என்று பார்த்துக் கொடுக்கவேண்டிய கடமை கொடுப்பவருக்கு உண்டு. இதற்கு அக்வினாஸ் கூடத் தேவையில்லை. விருந்துக்குச் சமைக்கிற எந்த வீட்டுப் பெண்மணியும் உப்புப் பார்த்துத்தான் பரிமாறுகிறாள்.

1958-இல் கேரளத்தில் நடந்ததைப் பெரியவர்கள் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். பாலிடாலும் சாப்பாட்டுச் சரக்கும் ஒரே கப்பலில் வந்து, ஒழுகியது மாவில் கலந்து, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தச் சாவுகளுக்குப் பின்தான் விசாரணையும், பூச்சிமருந்துகளுக்கென்று 1968-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. மாவில் கலந்தது கண்ணுக்குத் தெரிந்தது. சட்டம் வர அப்போதும் பத்து வருஷம் ஆயிற்று. காற்றில் கலப்பது கண்ணுக்கும் தெரிவதில்லை.

போன வாரம் அந்த விவசாயியின் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் சுகமாக இருக்கிறாள்; டாக்டர் பார்த்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து, நான் சொன்ன பதில் பாதிதான் என்பதை ஒப்புக்கொண்டேன். இத்தனை வருஷம் செய்ததற்காக இரவில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இனிமேல் "தெரியாது" என்று சொல்வதற்குமுன் தெரிந்துகொள்ளக்கூடியதைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்றேன்.

"நான் எதை வச்சு சாமி அளக்க?" என்று கேட்டார்.

"கருவி நம்மிடம் இல்லை. நோட்டு இருக்கிறதல்லவா? என்றைக்கு, என்ன சரக்கு, எத்தனை டேங்க், காற்று எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். அடிக்குமுன் காற்று போகிற பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இலை இலேசாய் அசைகிற காலை நேரம் பாருங்கள், அந்திக்குமேல் வேண்டாம். நாளைக்குக் கருவியோடு ஒருவர் வந்து கேட்டால், கொடுப்பதற்கு உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்கும்."

"நான் எழுதுவேன் சாமி. மேலப்பக்கத்துக்காரர் எழுதுவாரா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரிடமும் நானே போய்ப் பேசுகிறேன் என்றேன், இன்னும் போகவில்லை. இதை எழுதிவிட்டதால் இனிப் போகாமலிருக்க முடியாது.

இந்த ஞாயிறு பூசைக்குப் பின் அவர் அந்த வேப்பமரத்தடியில் மறுபடியும் நின்றார். சட்டைப்பையிலிருந்து பேரனுடைய பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினார். பேரன் போட்ட பெருக்கல் கணக்குக்குக் கீழே, பென்சிலில், பெரிய எழுத்தாய் இரண்டு வரி:

"செவ்வாய். காலை ஆறரை. மேல்காற்று, மெதுவு. மூன்று டேங்க். கீழவீட்டில் சொல்லியாச்சு. பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொண்டார்கள்."